ஒரே பாயில் ஆறு வகுப்பு: பெரிய குடும்பத்துக்கு வீட்டுப் பள்ளி தொடங்கும் வழி

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைப்பவர்களில், ஒரு பிள்ளை உள்ளவர்களுக்கு யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு பிள்ளைகள், அல்லது கூட்டுக் குடும்பத்தில் ஐந்தாறு பிள்ளைகள் என்றால்தான் திகைப்பு. "நாலு வயசுக்காரிக்கு ஒரு பாடம், பன்னிரண்டு வயசுக்காரனுக்கு ஒரு பாடம்னு யாரால நடத்த முடியும்?" என்று கேட்பார்கள். யாராலும் முடியாது, அப்படி நடத்தவும் வேண்டாம். தமிழ் வாசிப்பும் கணக்கும்தான் பிள்ளைக்குப் பிள்ளை தனியாகச் சொல்லித் தர வேண்டியவை. மற்றதையெல்லாம் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒன்றாகவே நடத்தலாம். அவரவர் வயதுக்கு எட்டிய ஆழத்தில் எடுத்துக்கொள்வார்கள். இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் ஏற்பாடுதான்.

எங்கள் வீடு மதுரைப் பக்கம். என் பிள்ளைகள் மூவர், ஓரகத்தியின் பிள்ளைகள் மூவர். கடைக்குட்டிக்கு நான்கு வயது, மூத்தவளுக்குப் பதினைந்து. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. இங்கே சொல்வதெல்லாம் அந்த வீட்டில் நடப்பவைதான். உங்கள் வீட்டு ஆள் கணக்குக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

முதலில் சட்டம். 2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தருவது அரசின் கடமை என்கிறது அது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அனுமதித்தோ தடுத்தோ அதில் தனி விதியும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

அதே சட்டத்தில் நமக்கு உதவும் பிரிவு ஒன்றும் உண்டு. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 4-வது பிரிவு. வீட்டுப் பள்ளி ஒத்து வரவில்லை என்றாலோ, பிள்ளையே பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாலோ, திரும்பிச் சேரும் வழி திறந்தே இருக்கிறது. பள்ளியை விட்டு நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் அட்டைகள் எல்லாம் பிள்ளைக்கு ஒரு கோப்பு என்று பிரித்து ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது வீட்டுப் பெரியவர்களின் சம்மதம். கணவன் மனைவி இருவரும் மனமொத்து இறங்க வேண்டும். ஒருவருக்குப் பாதி மனது என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். பள்ளியை நேசித்து ஓடுகிற பிள்ளையை இழுத்து நிறுத்த வேண்டாம். நம் ஊர் அரசுப் பள்ளிகளில் மனசாரச் சொல்லித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் படிப்பது அவர்களுக்கு எதிரான காரியம் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பள்ளியிலும் இரண்டு பேர் வீட்டிலும் படிக்கலாம், தவறே கிடையாது.

இடமும் சாமானும்

தனி அறை தேவையில்லை. வெளிச்சமும் காற்றும் வரும் ஓர் இடம், எல்லோரும் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய கோரைப்பாய், சுவரில் மூன்றடிக்கு நான்கடி கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை, அவ்வளவுதான். பலகை தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலேயே தொடங்கட்டும், சின்னவர்களுக்கும் கை எட்ட வேண்டும். துணி காயப்போடும் கொடி ஒன்றைச் சுவரோரம் கட்டி, கிளிப் மாட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடுங்கள். மழை நாளில் சன்னலைச் சாத்திவிட்டு, ஆளுக்கொரு கிண்ணம் சுண்டலோடு அந்தப் பாயில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு எழுந்திருக்கவே மனசு வராது. அந்த இதம் படிப்புக்கு வேண்டும். மிரட்டலில் உட்காரும் பிள்ளையின் கண் எப்போதும் வாசலில்தான் இருக்கும்.

காகிதத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் கெட்டியான எழுத்து அட்டைகள் கிடைக்கும். தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அன்றன்றைய கணக்குக்குப் போதும். சிலேட்டு ஆளுக்கு ஒன்று. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை ஒரு டப்பா. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள். ஒரு மீட்டர் நாடா, ஒரு தராசு, ஒரு லிட்டர் அளவுக் குவளை. வாங்கியே ஆக வேண்டியது என்று பார்த்தால் நல்ல அட்லஸ் ஒன்றும் தமிழ் அகராதி ஒன்றும்.

பாடநூலுக்குக் கவலை வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் 1 முதல் 12 வரை எல்லா வகுப்பு நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த வயதில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் அளவுகோலாக அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக நடத்தத் தொடங்கினால் ஆறு பிள்ளைக்கு ஆறு வகுப்பு என்ற பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

ஒரு காலைப் பொழுது

வீட்டில் படிப்பதற்கு முழு நாள் தேவைப்படாது. அடுக்களை வேலை முடிந்து ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்கு எழுந்துவிடலாம்.

முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஒன்றாக. ஒரு பாட்டு, அப்பத்தாவின் விடுகதை ஒன்று, அப்புறம் பெரியவர் ஒருவர் கதையோ கட்டுரையோ சத்தமாக வாசிப்பது. கடைக்குட்டிக்குப் புரியாத சொற்கள் வரும், பரவாயில்லை, காதில் விழட்டும்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் தனிப்பாடம். ஓரகத்தியும் நானும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு பிள்ளைக்குப் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிப்பும் கணக்கும் மட்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் முந்தின நாள் பாடத்தை நோட்டில் எழுதுவது, வரைவது, கணக்குப் பயிற்சி போடுவது என்று இருப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றால் நாலு பிள்ளைக்கு எண்பது நிமிடம் ஆகும். சமாளிக்கக் கூடியதுதான். ஆனால் அந்த எண்பது நிமிடமும் கைபேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரம் பொதுப்பாடம். வாரத்தில் மூன்று நாள் அறிவியல், இரண்டு நாள் வரலாறும் புவியியலும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். தூங்குகிறவர்கள் தூங்கலாம், படிக்கிறவர்கள் படிக்கலாம். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு. இதை எக்காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். வெளிப்பிள்ளைகளோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆகும் பழக்கம் அங்கேதான் வரும்.

தமிழ் வாசிப்பைத் தொடங்குவது

அ, ஆ, இ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள். அ, இ எல்லாம் பிஞ்சு விரலுக்குச் சுழிப்பான எழுத்துகள். ட, ப, ம ஆகிய மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோட்டில் வருபவை. தட்டில் மணலோ கோலமாவோ பரப்பி விரலால் எழுத வையுங்கள். மூன்று எழுத்தும் புள்ளி வைக்கவும் தெரிந்ததும் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கைக்கு வந்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் மாமா, பாப்பா, பாடம், மாடம். வாரக் கடைசியில் பிள்ளை 'பாப்பா பட்டம்' என்று தானாக எழுத்துக் கூட்டி வாசிக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்கே இவ்வளவு பாடும் படலாம்.

247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். 18 மெய்களின் வடிவமும் துணைக்கால், கொம்பு போன்ற குறிகளும் தெரிந்தால் உயிர்மெய்களில் பெரும்பாலானவை தாமாக வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் வேறு. கு, சு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அவற்றை அவசரப்படாமல் கடைசியில், தினம் ஒன்றாக எடுங்கள்.

சொற்கள் வந்ததும் வீட்டுப் புத்தகம் செய்யலாம். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்தால் 16 பக்கம். மடிப்பில் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கோணி ஊசியால் மூன்று துளை போடுங்கள். நூலை உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல்துளை வழியே உள்ளே விட்டு, உள்பக்கமாகவே கீழே கொண்டுவந்து, கீழ்த்துளை வழியே வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே இழுத்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட வேண்டும். மேலட்டைக்குப் பத்திரிகை அட்டை. அப்புறம், சின்னவள் வாயால் ஒரு கதை சொல்வாள்: வீட்டுக் கோழி, காணாமல் போன செருப்பு, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். பத்து வயதுக்காரன் அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுவான். இன்னொருவன் படம் போடுவான். மூத்தவள் சந்திப்பிழை பார்ப்பாள். ஒரே புத்தகத்தில் நான்கு பேருக்கு நான்கு பாடம். அந்தப் புத்தகத்தைத்தான் சின்னவள் அடுத்த வாரம் வாசித்துப் பழகுவாள். தான் சொன்ன கதை என்பதால் திக்காமல் வாசிப்பாள்.

வீட்டில் செய்தது போதாதபோது, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படி வாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலக உறுப்பினர் அட்டை ஒன்று அவசியம் எடுங்கள். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு தனியாகவே உண்டு.

கணக்கு

ஒன்றிலிருந்து இருபது வரை புளியங்கொட்டை, இருபதுக்கு மேல் ஈர்க்குச்சிக் கட்டு. கடன் வாங்கிக் கழிக்கும்போது ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்த்துப் பத்து உதிரிக் குச்சியாக்கிக் காட்டினால், சிலேட்டில் மேலே சின்னதாக எழுதும் அந்த 1 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு ஐந்து போட்டால் 70. குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்கும்போதே கண்ணளவில் நான்கைப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் சொல்லுங்கள், பாடிக்கொண்டே சொல்லட்டும்.

எட்டு ஒன்பது வயதில் அளவைகள். வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை அரிசி போட்டு அளந்து பார்க்கட்டும். பிறகு தண்ணீர் ஊற்றி, லிட்டர் குவளையில் அதே படி எத்தனை மில்லிலிட்டர் என்று கண்டுபிடிக்கட்டும். படி ஊருக்கு ஊர் மாறியது என்பதால் பக்கத்து வீட்டுப் படியையும் வாங்கி அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் வீட்டுக் கணக்கு நோட்டை அவர்களிடமே கொடுத்துவிடலாம். மின் கட்டணம் நல்ல பாடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைக் குறித்து, இலவச யூனிட் போக மீதியை அடுக்கு வாரியாகப் பிரித்து, வரப்போகும் தொகையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பில் வந்ததும் சரிபார்க்கலாம்.

பொதுப்பாடம்: ஒரு குச்சியும் அதன் நிழலும்

ஒரே பாடத்தை நான்கு வயதிலிருந்து பதினைந்து வயது வரை எப்படி நடத்துவது என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது நிழல் பாடம்தான். காசே ஆகாது.

மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைத் தொட்டியில் மண் நிரப்பி நடுங்கள். ஒரு மீட்டர் என்பது மண்ணுக்கு மேலே, நிழல் விழும் தரையிலிருந்து நுனி வரை இருக்க வேண்டும். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். காலை பதினொன்றரையிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, பக்கத்தில் மணியை எழுத வேண்டும்.

புள்ளி வைப்பது கடைக்குட்டியின் வேலை. நிழல் நகர்கிறது என்பதே அவளுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. ஏழு வயதுக்காரன் நாடா வைத்து நீளத்தை அளந்து சென்டிமீட்டரில் சொல்வான். நிழல், குச்சி, வடக்கு என்ற சொற்களை எழுதிப் பழகுவான். பத்து வயதுக்காரி நேரத்தையும் நீளத்தையும் அட்டவணையாக்கி வரைபடத் தாளில் வளைகோடு போடுவாள். அந்த வளைகோட்டின் அடிப்புள்ளிதான் அன்றைய உச்சிவேளை. அந்த நேரத்து நிழல் சரியாக வடக்கு தெற்காகக் கிடக்கும். காம்பஸ் இல்லாமலே திசை கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு இங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது. உச்சிவேளை கடிகாரத்தில் 12 மணிக்கு வரவில்லையே, ஏன்? ஏப்ரல் நடுவில் மதுரையில் அது 12 மணி 17 நிமிடம் வாக்கில் வரும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை ஏறக்குறைய 78.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பெருக்கிப் பார்த்தால் பதினேழு நிமிடத்துச் சொச்சம். அட்லஸில் வெறும் கோடாக இருந்த தீர்க்கரேகை அன்றைக்குத்தான் பிள்ளைக்கு உயிர் பெறும். சூரியன் வருடத்தில் சில மாதம் கடிகாரத்தை முந்தியும் சில மாதம் பிந்தியும் வரும் என்பதால், மற்ற மாதங்களில் சில நிமிடம் வித்தியாசப்படும். அதையும் அவர்களே குறித்து வரட்டும்.

பதினைந்து வயதுக்காரிக்கு இதுவே திரிகோணமிதி. குச்சி ஒரு மீட்டர், நிழல் இத்தனை சென்டிமீட்டர், கோணம் என்ன? டிசம்பர் 21-ஐ ஒட்டி மதுரையில் உச்சிவேளை நிழல் 65 சென்டிமீட்டர் போல வடக்கே விழும். ஜூன் 21-ஐ ஒட்டி 24 சென்டிமீட்டர் போல தெற்கே விழும். நிழல் தெற்கே விழுவதைப் பிள்ளைகள் முதலில் நம்பவே மாட்டார்கள். பூமி 23.4 பாகை சாய்ந்திருப்பதை இந்த இரண்டு அளவிலிருந்தே வரைந்து காட்டலாம்.

இடையில் நிழலே விழாத நாள் வருடத்தில் இரண்டு உண்டு. ஏப்ரலில் கன்னியாகுமரியில் தொடங்கி ஊர் ஊராக வடக்கே நகரும். இரண்டாவது வாரத்தில் குமரி, 16-ம் தேதி வாக்கில் மதுரை, 24-ம் தேதி வாக்கில் சென்னை. ஆகஸ்டில் அதுவே திரும்பி வரும், சென்னைக்கு 18-ம் தேதி வாக்கில். அன்று மாடியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் உச்சியில் அதைச் சுற்றி நிழல் இருக்காது. சென்னையில் சித்தப்பா, நாகர்கோவிலில் அத்தை என்று இருந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் குச்சி நடச் சொல்லிப் போனில் அளவை வாங்குங்கள். சொந்தபந்தம் பெருத்த குடும்பத்துக்கு இந்த வசதி இருக்கிறது.

இப்படியே மற்ற பாடங்களையும் அமைக்கலாம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சின்னவர்களுக்கு அது நிறம், நடுப்பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும், பெரியவர்களுக்கு நிறங்காட்டி. செம்பருத்திச் சாற்றையும் பக்கத்தில் வைத்துச் சோப்புத் தண்ணீர், மோர், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். இட்லி மாவு பொங்குவது, முருங்கை விதை முளைப்பது, கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் பார்த்து வந்து அதே எழுத்தில் தன் பெயரை எழுதுவது என்று எதையும் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு பொருள் போதும். இளையவர் தொட்டுப் பார்க்க ஒன்று, நடுப்பிள்ளைகள் அளக்க ஒன்று, மூத்தவர் விளக்க ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் இருந்தால் அது நல்ல பொதுப்பாடம். பொம்மை வழி அறிவியலுக்கு அரவிந்த் குப்தாவின் இலவசக் காணொளிகள் இருக்கின்றன. தீக்குச்சி, பழைய சைக்கிள் டியூப், உறிஞ்சுகுழல் எல்லாம் அவர் கையில் பாடமாகிவிடும்.

மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருவது

இது நம் மண்ணின் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை, ஆசிரியருக்குத் துணையாக இளையவர்களுக்குப் பாடம் கேட்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அதை ஏற்காதபோது, மாணவர்களில் ஒரு சிறுவனையே இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தர வைத்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

வீட்டில் இதை அளவோடு வையுங்கள். மூத்த பிள்ளை ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் சொல்லித் தரக் கூடாது. தனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டுமே சொல்லித் தர வேண்டும். அடிக்கவோ மார்க் போடவோ உரிமை கிடையாது. நம் வீடுகளில் மூத்த பெண்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறாள். சமையலுக்குக் கை, குழந்தைக்கு இடுப்பு, இப்போது பாடத்துக்கும் அவள் என்று ஆகிவிடும். அவளுக்குத் தன் படிப்புக்கென்று யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் தினமும் இருக்க வேண்டும். அதைக் காப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. சொல்லித் தருவதிலும் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை மாறி மாறி வரட்டும்.

கைக்குழந்தையோ இரண்டு வயதுப் பிள்ளையோ இருக்கும் வீட்டில், பாட நேரத்தில் மட்டும் வெளியே வரும் கூடை ஒன்று வையுங்கள். மரக்கரண்டி, மூடியுள்ள டப்பாக்கள், துணித் துண்டுகள் போதும். மற்ற நேரத்தில் அது பரணில் இருந்தால்தான் புதுசாக இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் கைக்குப் புளியங்கொட்டை, பட்டாணி, சோழி எதுவும் போகக் கூடாது. மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். அடுப்பு, சுண்ணாம்பு சம்பந்தப்பட்ட பாடங்களைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். அப்பத்தா கதை சொல்ல, அதைப் பிள்ளைகள் கேட்டு எழுதுவது எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை நடக்கிறது. அவர் சின்ன வயதில் தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள், அணாவில் எப்படிச் சாமான் வாங்கினார்கள் என்பதெல்லாம் வரலாறுதான். 16 அணா ஒரு ரூபாய் என்பதை வைத்துப் பிள்ளைகள் அப்பத்தாவோடு கடை வைத்து விளையாடுவார்கள்.

உறவினர் பேச்சு வரத்தான் செய்யும். "என்னம்மா, புள்ளைகள வீட்ல வச்சுக் கெடுக்குறீங்களே" என்பார்கள். வாதம் செய்வதைவிட வீட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, கடைக்குட்டியை வாசித்துக் காட்டச் சொல்வது மேல். ஆங்கிலம் என்னாவது என்று அடுத்துக் கேட்பார்கள். தினம் ஓர் ஆங்கிலக் கதையைச் சத்தமாக வாசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டின்போது ஆங்கிலத்திலேயே பேசலாம். தமிழ் வாசிப்பு திடமான பிறகு ஆங்கில எழுத்தைத் தொடங்கினால் பிள்ளை குழம்பாது.

பதிவேடும் தேர்வும்

பிள்ளைக்கு ஒரு நோட்டு வைத்து, வாரம் ஒருமுறை தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள்: என்ன வாசித்தது, எந்தக் கணக்கு வந்தது, எது இன்னும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பாடத்துக்குரிய அரசுப் பாடநூலின் பயிற்சிகளைப் போட வைத்துப் பாருங்கள். எங்கே பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த நோட்டு, பின்னாளில் பள்ளியில் சேர்க்கும்போதும் பேச உதவும்.

சான்றிதழுக்கு இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். இங்கே பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. அதற்கு முன் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான ஏ, பி, சி என்ற மூன்று நிலைகளும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு ஒரு மொழியாவது உள்பட ஐந்து பாடங்கள் வேண்டும். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலும் எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. முதல் தடவை இரண்டு பாடம், அடுத்த தடவை மூன்று பாடம் என்று பிரித்து எழுதலாம். பெரிய குடும்பத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தேர்வு வரும்போது இந்தப் பிரிப்பு பெரிய ஆறுதல்.

இன்னொன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் நேரடியாக எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதில் தேறி, பதினான்கரை வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிந்து, அவர்கள் ஒதுக்கும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். பலர் தேர்வு விண்ணப்பத் தேதியைக் கவனித்து, செய்முறைப் பதிவுத் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு அறிவிப்பும் தனித்தனியாக வரும்.

எந்த வழி என்பதைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதே பேசி முடிவு செய்யுங்கள். மேலே என்ன படிக்க ஆசை, அந்தப் படிப்பில் சேர எந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்று அந்தக் கல்லூரியிலேயே நேரில் விசாரித்து, கேட்டதைக் கோப்பில் எழுதி வையுங்கள். விதிகளும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் வருடத்தில் அதிகாரப்பூர்வ அறிவிப்பை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டே பணம் கட்டுங்கள்.